தபால் பெட்டியில் அப்பாவின் பெயர்

2019 அக்டோபரில் லைப்சிக் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். ஜெர்மனிக்கு வரும் எல்லோருக்கும் முதல் வேலை ஆன்மெல்டுங், அதாவது குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்துக்குப் போய் இந்த முகவரியில் இருக்கிறேன் என்று பதிவு செய்வது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றையும் கொண்டு போக வேண்டும். அதை முடித்த பிறகு வரி எண் தபாலில் வரும் என்றார்கள். 11 இலக்க எண், அவ்வளவுதான், அது இல்லாவிட்டால் சம்பளத்தில் உச்சபட்ச வரியைப் பிடித்துக்கொள்வார்கள், பிறகு எண்ணைக் கொடுத்தால் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவார்கள். மூன்று வாரம் ஆயிற்று, நான்கு வாரம் ஆயிற்று, எண் வரவில்லை. முதல் சம்பளம் பாதிக்குப் பாதியாகத்தான் கைக்கு வந்தது.

காரணம் என் பெயர். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து போதும். பாஸ்போர்ட்டுக்காக அந்த இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் போய் உட்கார்ந்துவிட்டது. ஜெர்மன் அரசுக்கு நான் யாரென்றால் அப்பாவின் பெயர்தான். நானோ கீழே தபால் பெட்டியில் என் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தேன். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். அப்பா பெயருக்கு வந்த கடிதமெல்லாம், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மூன்றாம் மாடியில் இருக்கும் எழுபது வயது தாண்டிய அம்மா. படிக்கட்டில் நின்று என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இரண்டு பெயரையும் ஒட்டுங்கள்" என்றார். ஒட்டினேன். பத்தே நாளில் எண் வந்துவிட்டது. அப்பா ஜெர்மனியைப் பார்த்ததே இல்லை, அவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது, ஆனாலும் இன்றைக்கு வரை "ஹெர்", அதாவது திரு, போட்டு அவர் பெயருக்கு எனக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

கடிதம் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் இன்னொரு நாள் வேறொரு உறையில். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒன்று, வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறதோ இல்லையோ வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வருமான வரியை இணையத்தில் தாக்கல் செய்யலாம், நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்குக் கணக்குத் தொடங்கினால் திறப்புக் குறியீட்டில் ஒரு பாதி மின்னஞ்சலிலும் மறு பாதி தபாலிலும் வரும். இதையெல்லாம் துளையிட்டுக் கோர்த்து வைக்கிற தடித்த கோப்புக்கு ஓர்ட்னர் என்று பெயர். என்னிடம் இப்போது நான்கு இருக்கின்றன.

அலுவலகத்தில் இந்த விஷயங்களைச் சொன்னால் ஜெர்மன் நண்பர்கள் கோபித்துக்கொள்வதில்லை, எனக்கு முந்தி அவர்களே சிரிப்பார்கள். ரயிலில் செல்போன் சிக்னல் போனாலும் சரி, இணையதளத்தில் படிவத்தை நிரப்பிக் கடைசியில் "அச்செடுத்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று வந்தாலும் சரி, யாராவது ஒருவர் "நொய்லாண்ட்" என்பார், மேஜையே சிரிக்கும். புது நிலம், இதுவரை யாரும் கால் வைக்காத இடம் என்று அர்த்தம். எனக்கு முதல் சில மாதம் அது ஏன் சிரிப்பு என்று தெரியாது. பிறகுதான் சொன்னார்கள்: 2013 ஜூன் 19-ம் தேதி ஒபாமா பெர்லின் வந்தபோது, பக்கத்தில் நின்ற அப்போதைய ஜெர்மன் பிரதமர் ஆங்கலா மெர்க்கல், இணையம் நம் எல்லோருக்கும் நொய்லாண்ட் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே நாடு முழுக்கக் கேலி ஆகிவிட்டது. இன்னும் ஓயவில்லை.

அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது. 2017-ல் ஒரு சட்டம் போட்டார்கள், 575 வகை அரசுச் சேவைகளை 2022 முடிவதற்குள் இணையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று. 2022 முடிந்தது, பெரும்பாலானவை வரவில்லை. கொரோனா காலத்தில் சுகாதார அலுவலகங்களுக்கு ஃபேக்ஸில் தகவல் போனதை நாடே பார்த்தது. 2021-ல் ஒரு மருத்துவமனையில் என்னிடமே ஒரு தாளை ஃபேக்ஸ் செய்யச் சொன்னார்கள், நான் கடைசியில் ட்ராமில் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மொழி தெரிந்தவர்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். மொழி தெரியாமல், விசா முடியப்போகிற தேதியை எண்ணிக்கொண்டு, டெர்மின், அதாவது அலுவலகத்தில் சந்திப்பு நேரம், கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு இது தூக்கம் போகிற விஷயம். 2025 மே மாதம் டிஜிட்டலுக்கென்றே தனி அமைச்சகம் அமைத்திருக்கிறார்கள், அவர்கள் முதலில் குடியேற்ற அலுவலகங்களைக் கவனித்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

ஆனால் அந்த நொய்லாண்ட் பேச்சில் எல்லோரும் மறந்துபோகிற ஒன்று உண்டு. அமெரிக்க உளவுத்துறைக்கு வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் அதன் ரகசியக் கண்காணிப்பு வேலைகளை வெளியிட்ட மாதம் அது. மெர்க்கல் அன்று பதில் சொன்னது அந்தக் கண்காணிப்பைப் பற்றிய கேள்விக்கு. கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர், இதே லைப்சிக்கில் இயற்பியல் படித்தவர். அவருக்கு அந்தக் கேள்வி வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு இது உறைத்தது மூன்றாம் மாடி அம்மாவால். ஒரு நாள் தபால்களை அள்ளிக்கொண்டு புலம்பியபடி ஏறினேன், அவர் காபி குடிக்கக் கூப்பிட்டு, கிழக்கு ஜெர்மனி காலத்து ஜோக் ஒன்று சொன்னார். "ஷ்டாசிக்காரர்கள்தான் டாக்ஸி ஓட்ட லாயக்கானவர்கள், ஏன் தெரியுமா? ஏறி உட்கார்ந்தால் போதும், உங்கள் பெயரும் வீடும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்." ஷ்டாசி என்றால் அந்த அரசின் ரகசியப் போலீஸ். அந்தக் காலத்தில் இதை யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். இன்னொன்று, பாலைவனத்தில் சோஷலிசம் வந்தால் என்ன ஆகும், கொஞ்ச நாளைக்கு ஒன்றும் ஆகாது, அப்புறம் மணலுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்பது. கிழக்கில் புழங்கிய இந்த மாதிரி ஜோக்குகளை மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறை திரட்டி மேலிடத்துக்கு அனுப்பி வைத்ததாம். மக்கள் மனதைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது என்றே எனக்கும் படுகிறது.

சிரித்து முடித்ததும் அவர் ஒரு உறையை எடுத்து வந்தார். அவரைப் பற்றி ஷ்டாசி வைத்திருந்த கோப்பின் நகல். 1992-லிருந்து யார் வேண்டுமானாலும் தன் கோப்பைக் கேட்டுப் பார்க்கலாம், அவரும் போய்ப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். அதில் மேற்கு ஜெர்மனியின் ஹானோவரில் இருந்த அக்கா எழுதிய கடிதம் ஒன்றின் பிரதி இருந்தது. குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னுவதற்கான அளவுகள், இத்தனை கண்ணி, இத்தனை வரிசை என்று. அந்த எண்கள் ஒவ்வொன்றின் கீழும் யாரோ கோடு போட்டிருந்தார்கள், சங்கேதமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு. அந்தக் கோடுகள் நேராக இருந்தன, அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி. எனக்கு அதுதான் மனதை விட்டுப் போகவில்லை. ஒருவர் உட்கார்ந்து, அடிக்கோலை எடுத்து, ஒரு குழந்தையின் ஸ்வெட்டர் அளவுக்குக் கோடு போட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ருண்டே எக்கே அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஷ்டாசியின் லைப்சிக் மாவட்டத் தலைமையகமாக இருந்த கட்டிடம், 1989 டிசம்பர் 4-ம் தேதி ஊர் மக்கள் உள்ளே போய்க் கைப்பற்றியது. அங்கே கடிதங்களை ஆவியில் பிரித்து, படித்து, மறுபடி ஒட்டுவதற்கான இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். ஒட்டிய உறையைப் பார்த்தால் பிரித்ததே தெரியாதாம். மேற்கு ஜெர்மனிக்காக 1949-ல் எழுதி, இப்போது நாடு முழுமைக்கும் பொருந்தும் அரசியல் சட்டத்தின் 10-வது பிரிவு, கடித ரகசியத்தை மீறக்கூடாது என்கிறது. மூடிய உறைக்கு இந்த ஊர்க்காரர்கள் கொடுக்கும் மரியாதை எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இது கிழக்கின் கதை மட்டுமல்ல. 1939 மே மாதக் கணக்கெடுப்பில் நாஜி அரசு தாத்தா பாட்டி யூதர்களா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டது. 1983-ல் மேற்கு ஜெர்மனியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றதும் பெரிய எதிர்ப்புக் கிளம்பி வழக்கு நீதிமன்றம் போனது, அந்த டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம், தன் தகவல் எங்கே போகிறது என்று முடிவு செய்யும் உரிமை அவரவருக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. 2010-ல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ வந்தபோது ஏறத்தாழ 2,44,000 வீட்டினர் எங்கள் வீட்டை மறைத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் எல்லோர் பெயரும் தெருவில் போகிறவர் படிக்கிற மாதிரிதான் இருக்கிறது, அதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தபால்காரர் படிக்கலாம், கணினி சேர்த்து வைக்கக் கூடாது, அதுதான் கணக்கு. நம் ஊரிலும் 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் கேட்ட இடத்திலெல்லாம் ஆதார் நகலை நீட்டிய கை என்னுடையது, அதைப் பற்றி இங்கே வந்துதான் யோசித்தேன்.

போன வருடம், 2025 ஏப்ரல் கடைசியில், மருத்துவக் காப்பீட்டின் மின்னணு நோயாளிக் கோப்பு நாடெங்கும் பயன்பாட்டுக்கு வந்தது. வேண்டாம் என்று மறுத்தால் தவிர எல்லோருக்கும் தானாகவே ஒரு கோப்பு. காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தோடு மூன்றாம் மாடி அம்மா என் கதவைத் தட்டினார். "நீங்கள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். சொல்லுங்கள், இதற்கு நான் சரி என்று சொல்லவா?"

கோப்பு என்ற வார்த்தையை அவர் சொன்ன விதத்திலேயே பதில் இருந்தது. இருந்தாலும் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவசரத்துக்குப் போனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவருக்கு உடனே தெரியும், அது உயிரைக் காப்பாற்றலாம். அதே சமயம் 2024 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர்கள் சங்கத்தின் மாநாட்டில் இதன் பாதுகாப்பு ஓட்டைகளை ஆராய்ச்சியாளர்கள் மேடையிலேயே விளக்கினார்கள், அதற்குப் பிறகு கூடுதல் பாதுகாப்புச் சேர்த்துத்தான் நாடெங்கும் கொண்டுவந்தார்கள். நான் என் கோப்பை வைத்துக்கொண்டேன் என்றும் சொன்னேன்.

அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, என் மேஜையிலேயே உட்கார்ந்து மறுப்புக் கடிதத்தைக் கையால் எழுதினார். நான்கே வரி. செயலியில் ஒரு பொத்தானைத் தட்டினாலும் போதும் என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினார். உறையில் போட்டு ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்து என்னிடம் கொடுத்தார். அவருக்கு முழங்கால் வலி, தெரு வரை படி இறங்க முடியாது. தெரு முனையில் இருக்கும் மஞ்சள் அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு, வரும் வழியில் எங்கள் பெட்டியைத் திறந்தேன். அப்பா பெயருக்கு இரண்டு கடிதம் இருந்தது.