ஓரியன் பெல்ட், ஒருவழியாகப் புள்ளி புள்ளியாக

ஐந்து வாரமாக என் போனில் நட்சத்திரம் எல்லாம் போண்டா சைஸில்தான் விழுந்துகொண்டிருந்தது. நேற்று ராத்திரி ஓரியன் பெல்ட்டின், அதாவது ஓரியன் விண்மீன் கூட்டத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரமும், மூன்று புள்ளியாக நின்றன. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

இடம், திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடி. மேற்கே மணலி, தெற்கே துறைமுகம், போதாததற்கு எதிர்வீட்டு எல்இடி. ஷட்டரை 30 நொடி திறந்து வைத்தால், இந்த வெளிச்சத்தில் வானம் மாம்பழ ஜூஸ். 4 நொடி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 800, அதோடு சரி.

பாடாய்ப் படுத்தியது ஃபோகஸ்தான். ஃபோகஸ் ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளினால் இன்ஃபினிட்டி, அதாவது வெகுதூரப் பொருளுக்கான ஃபோகஸ், என்கிறார்கள். என் போனில் அந்த முனை இன்ஃபினிட்டியையும் தாண்டிப் போகிறது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலின் விளக்கை வைத்துப் பிடித்தேன். ஊசிமுனை மாதிரி வந்தது. அப்படியே போனை வானத்துக்குத் திருப்பினால் மறுபடி போண்டா! நாலு ராத்திரி இதிலேயே போனது.

அப்புறம்தான் உறைத்தது. உள்ளே லென்ஸ் மெல்லிய ஸ்பிரிங்கில் நிற்கிறது. போனை நிமிர்த்திப் பிடித்தால் ஓரிடம், படுக்கப் போட்டால் தன் எடைக்கே இறங்கி வேறிடம். தை மாத ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஓரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில். ஆகவே ஃபோகஸையும் அங்கேயே பிடிக்க வேண்டும். ஆனால் கேமரா மேலே பார்த்தால் திரை தரையைப் பார்க்குமே? பாயை விரித்து, ட்ரைபாடுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தேன். ஓரியனிலேயே இருக்கும் திருவாதிரையைத் திரையில் பெரிதாக்கி, ஸ்லைடரை முனையிலிருந்து மயிரிழை மயிரிழையாகப் பின்னால் இழுக்க, மூன்றாவது இழுப்பில் சுருங்கி ஆரஞ்சுப் புள்ளியானது. ஜாதகத்தில் மட்டுமே பார்த்த என் நட்சத்திரம்! பக்கத்து மாடி அக்கா, "தம்பி, மயக்கம் கியக்கமா?" என்று பதறிவிட்டார்.

கிளிக் செய்ய விரல் வேண்டாம், தொட்டால் போன் ஆடிவிடும். பழைய ஒயர் இயர்போனின் வால்யூம் பட்டனே போதும். போனை ட்ரைபாடில் மாட்ட ஆன்லைனில் வாங்கிய கிளிப் ஒரே வாரத்தில் மரை கழன்றது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் தகடு வைத்த ஒன்று கிடைத்தது. போனை எடுத்துப்போய் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள், கவரோடு பல கிளிப்பில் நுழையாது.

60 படம் இருக்கிறது. பல படங்களை ஒன்றாக அடுக்கும் சீக்வேட்டர் மென்பொருளில் இன்னும் அடுக்கவில்லை, டார்க் ஃப்ரேம் (இரைச்சலைக் கழிக்க லென்ஸை மூடி எடுக்கும் கறுப்புப் படம்) எடுக்கவும் மறந்துவிட்டேன். அதற்குள் மனசு பழவேற்காட்டுக்குப் போய்விட்டது. வருகிற அமாவாசைக்குக் கிளம்பலாமென்று இருக்கிறேன். "கும்மிருட்டில் போய் என்னடா தெரியும், பௌர்ணமிக்குப் போ" என்கிறாள் அம்மா.