திணை என்றால் எந்தத் திணை?

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குத் தமிழ் படிக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். அதில் என்னைக் கவிழ்த்தவை தெரியாத சொற்கள் அல்ல, நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த சொற்கள்.

ஒரு மாதிரித் தேர்வில், தொல்காப்பியர் காஞ்சித் திணையில் எதைச் சொல்கிறார் என்று கேட்டிருந்தார்கள். படையெடுத்து வருபவனை எதிர்த்து நிற்பது என்று யோசிக்காமல் குறித்தேன். அது புறப்பொருள் வெண்பாமாலை என்ற பிற்கால இலக்கண நூலின் காஞ்சி. தொல்காப்பியத்தில் காஞ்சி நிலையாமையைப் பேசுவது. போரையும் பொதுவாழ்வையும் பேசும் புறத்திணைகள் வெண்பாமாலையில் 12, தொல்காப்பியத்தில் 7. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு.

அந்தத் தாளோடு மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரைப் பார்க்கப் போனேன். தாளைப் பார்த்துவிட்டு, "காஞ்சி இருக்கட்டும் மக்களே, முதல்ல திணைன்னா என்ன, சொல்லு" என்றார். நிலம் என்றேன். "அப்ப கைக்கிளைக்கு எந்த நிலம்?" என்று கேட்டார். வாயடைத்துப் போனேன்.

ஒருதலைக் காதலான கைக்கிளைக்கும் பொருந்தாக் காதலான பெருந்திணைக்கும் நிலமே கிடையாது. காதலைப் பேசும் அகத்திணையில் திணை என்பது ஒழுக்கம், அதாவது காதலர் நடந்துகொள்ளும் முறை. நிலமும் பொழுதும் அது நிகழும் இடமும் காலமும், அதாவது முதற்பொருள், அவ்வளவுதான். நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தத் தடுமாற்றம் எளிதில் வரும். காலையில் கீரிப்பாறைக் காட்டில் நின்றவர், நாஞ்சில் வயல்களைத் தாண்டி, மாலைக்குள் முட்டம் கடற்கரைக்குப் போய்விடலாம். குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று கண்ணெதிரே நிலமாகவே பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

தொல்காப்பியத்திலேயே சொல்லதிகாரத்துக்குப் போனால் கதையே வேறு. "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே" என்று அதன் முதல் இயலான கிளவியாக்கம் தொடங்குகிறது. அங்கே திணை பெயர்ச்சொற்களின் பாகுபாடு. அவன் வந்தான், அது வந்தது என்று வினைமுடிவை மாற்றுவது. மொழியியல் படிக்கிறவர் திணை என்றால் இதைத்தான் நினைப்பார். சூழலியல் நோக்கில் சங்கப் பாடல்களை ஆராய்கிறவர் நிலத்தையும் உயிர்களையும் மனிதரையும் சேர்த்துச் சொல்வார். அவர் துறையில் அது சரி. இலங்கையில் அரசுத் துறைக்கே திணைக்களம் என்றுதான் பெயர்.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். மேலே சொல், கீழே அது எந்த நூலில், எந்த இயலில், எந்தத் துறையில் என்ன பொருளில் வருகிறது என்ற குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நூற்பாவோ பாட்டு வரியோ கட்டாயம் எழுதுங்கள். உதாரணம் இல்லாத குறிப்பு தேர்வு அறையில் கைகொடுக்காது. கேள்வியைப் படிக்கும்போது நூலின் பெயரில் முதலில் கோடு போடுங்கள், அப்புறம் விடைகளைப் பாருங்கள். நான் அடுத்த முறை தேறியதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

பால், வேற்றுமை, அணி, துறை ஆகியவற்றுக்கும் பக்கம் போடுங்கள். பொருள் என்ற சொல்லுக்கு மட்டும் கூடுதலாக இடம் விடுங்கள். செயப்படுபொருள், உரிப்பொருள், பொருட்பால், பருப்பொருள் என்று எழுதி எழுதி என் நோட்டில் அதற்கே நாலு பக்கம் ஆனது.