மலைக்குள் ஒளிந்திருக்கும் மோட்டார்கள்

வேல்ஸில் லான்பெரிஸ் என்ற ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஸ்னோடன் மலை ஏறத்தான் வருவார்கள். நாங்கள் போனது ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எலிடிர் மலைக்குள் நுழைய. பழைய மோட்டார்களைப் பிரித்து, காயில் கட்டி, திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் கூட்டத்துக்குப் பொழுதுபோக்கு. அதனால் அந்த மலைக்குள் இருக்கும் டினோர்விக் மின்நிலையத்தைப் பார்ப்பது ரொம்ப நாள் ஆசை. அப்போது பார்வையாளர்களை பஸ்ஸில் ஏற்றி உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். தலைக்கவசம் கொடுத்தார்கள், கேமராவுக்கு அனுமதி இல்லை, ஆகவே படம் எதுவும் கேட்காதீர்கள்.

மலையின் வெளிப்பக்கம் முழுக்க ஸ்லேட் கல் வெட்டிய தடம், படிப்படியாக. குவாரியை 1969-ல் மூடினார்கள், 1974-ல் மின்நிலைய வேலை ஆரம்பம், 1984-ல் திறப்பு. இயற்கை அழகு கெடக்கூடாது என்று எல்லாவற்றையும் பாறைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள், சுரங்கப் பாதைகள் மட்டுமே 16 கிலோமீட்டர்.

இயந்திரக் கூடம் 180 மீட்டர் நீளம், 51 மீட்டர் உயரம். மேலே நின்று எட்டிப் பார்த்ததும் நண்பன் கேட்டது, "டேய், மோட்டார் எங்கடா?" நியாயமான கேள்விதான். செங்குத்தாக நிற்கும் இயந்திரத்தின் உடம்பு கிட்டத்தட்ட முழுசாகத் தரைக்குக் கீழே இருக்கிறது. கீழே ஒரு ஊழியர் கையில் தாளோடு நடந்துபோனார், அவரை அளவாக வைத்துப் பார்த்தபோதுதான் அந்தக் கூடத்தின் பிரம்மாண்டம் உறைத்தது.

மொத்தம் ஆறு இயந்திரங்கள். மலைமேல் இருக்கும் மார்க்லின் மவுர் ஏரியிலிருந்து தண்ணீர் இறங்கிவரும்போது அவை ஜெனரேட்டர். ராத்திரி மின்சாரம் மலிவாகக் கிடைக்கிற நேரத்தில் அவையே எதிர்த்திசையில் மோட்டாராகச் சுற்றி, கீழே பெரிஸ் ஏரியில் இருக்கும் தண்ணீரை சுமார் 500 மீட்டர் மேலே தள்ளும். அப்போது ஒவ்வொன்றும் இழுப்பது சுமார் 275 மெகாவாட், அதாவது ஏறக்குறைய 3,70,000 எச்.பி. (குதிரைத்திறன்). நாங்கள் மேசையில் வைத்துக் குடையும் மோட்டார்கள் பெரும்பாலும் ஒரு எச்.பி.கூடத் தேறாது!

வேகம் என்னவோ நிமிடத்துக்கு வெறும் 500 சுற்றுதான். பன்னிரண்டு காந்த முனைகள், அதாவது ஆறு ஜோடி; 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் நிமிடத்துக்கு 3000 அலை; ஆறால் வகுத்தால் கணக்கு சரியாக வந்துவிடும். சின்ன இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் 1500-ல் சுற்றவேண்டியது கொஞ்சம் பின்தங்கி (அதைத்தான் ஸ்லிப் என்போம்) 1440 என்று ஓடும். இந்த இயந்திரம் சிங்க்ரனஸ், மின்சாரத்தின் தாளத்தோடு ஒட்டியே சுற்றும், அதனால் ஸ்லிப் என்ற பேச்சே கிடையாது.

என்னைக் கேட்டால் அளவைவிட ஸ்டார்ட்டிங்தான் பெரிய விஷயம். இத்தனை பெரிய மோட்டாரை நேராக லைனில் போட்டால் நாட்டின் மின்கட்டமைப்பான கிரிட்டே ஆட்டம் கண்டுவிடும், சுழலவேண்டிய பாகமான ரோட்டரும் கிளம்பாது. அதனால் முதலில் அழுத்தக் காற்றை விட்டு, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான ரன்னரைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். சுமை இல்லாமல் நிற்கும் ரோட்டருக்கு மிகக் குறைந்த ஃப்ரீக்வென்சியில் மின்சாரம் கொடுத்து, மெல்ல மெல்ல அதைக் கூட்டி, 50 ஹெர்ட்ஸ் வந்து கிரிட்டின் அலையோடு ஏற்ற இறக்கமும் (ஃபேஸ்) பொருந்திய பிறகுதான் பிரேக்கர் என்ற பெரிய சுவிட்சைப் போட்டு கிரிட்டோடு இணைப்பது, அப்புறம் காற்றை வெளியேற்றித் தண்ணீரை உள்ளே விட்டதும் உண்மையான பாரம் ஏறுகிறது. நம் வீட்டு பம்பில் காற்று புகுந்துவிட்டதே என்று திட்டுவோம், இங்கே வேண்டுமென்றே புகவிடுகிறார்கள்.

அதே காற்று இன்னொரு வேலைக்கும் உதவுகிறது. ரன்னர் காற்றில் வெறுமனே சுற்றிக்கொண்டு தயாராக இருந்தால், கூப்பிட்ட 12 விநாடியில் நிலையம் பூஜ்யத்திலிருந்து 1,320 மெகாவாட்டுக்குப் போய்விடும். இங்கிலாந்தில் டிவி நிகழ்ச்சி முடிந்ததும் ஊரே எழுந்து போய் கெட்டிலைப் போடும்போது கைகொடுப்பது இந்தத் தயார்நிலைதான். ஏற்றுவதற்குச் செலவான மின்சாரத்தில் முக்கால் பங்குதான் திரும்பக் கிடைக்கும் என்பது வேறு கதை. நஷ்டம் என்று தோன்றலாம், ஆனால் அவசரத்துக்குக் கிடைக்கும் மின்சாரத்தின் மதிப்பே தனி.

மோட்டாரைக் கண்ணால் பார்க்க முடியவில்லையே என்ற குறை நண்பனுக்கு மட்டும் தீரவில்லை. அவன் எடுத்துக்காட்டு வேறு இடம். கலிபோர்னியாவில் நாசா ஏம்ஸ் மையத்தில், விமானங்களைக் காற்றோட்டத்தில் வைத்துச் சோதிக்கும் பெரிய காற்றுச் சுரங்கத்துக்கு ஆறு விசிறிகள், ஒவ்வொன்றும் 12 மீட்டர் விட்டம், மோட்டாருக்கு 22,500 எச்.பி. ஆறையும் கூட்டினாலும் 1,35,000-தான், இங்கே ஒரே மோட்டாரில் பாதிகூட இல்லையே என்றேன். "இருக்கட்டுமே, அங்கே சுத்துறது கண்ணுக்குத் தெரியும்ல" என்கிறான்.