கரோன் கால்வாய் ஓரமாக ஆறு நாள்

இரண்டாம் நாள் காலையில் மகள் என் பார்வையை விட்டுப் போனாள். கால்வாய் லேசாக வளைகிற இடம். மர நிழலுக்குள் அவளுடைய மஞ்சள் ஹெல்மெட் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. "நில்லும்மா" என்று கத்த வாயெடுத்தேன். எதற்குக் கத்த வேண்டும்? முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை, பக்கவாட்டில் வந்து புகுவதற்குத் தெருவே இல்லை. ஒரு பக்கம் தண்ணீர். அவளுக்கு நீச்சல் தெரியும். வாயை மூடிக்கொண்டு மிதித்தேன். ஒரு கிலோமீட்டர் தள்ளி மதகுக் கதவருகே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, படகு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்னையில் அவள் சைக்கிள் ஓட்டுவது எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், தூண்களைச் சுற்றிச் சுற்றி. பதினோரு வயதாகியும் கேட்டைத் தாண்டித் தனியாக விட்டதில்லை. விட எனக்குத் துணிவில்லை. மே மாதக் கடைசியில் பிரான்ஸ் போக வாய்ப்பு வந்தபோது பாரிஸில் இரண்டு நாள் போதும் என்று முடிவெடுத்து, மீதி நாட்களை இந்தக் கால்வாய்க்கு ஒதுக்கியது அதனால்தான்.

துலூஸ் நகரில் போன்-ஜூமோ என்ற இடத்தில் மூன்று கால்வாய்கள் ஒரு குளத்தில் கூடுகின்றன. ஒன்று, பியேர்-போல் ரிக்கே 1666-இல் தொடங்கி, அவர் இறந்த மறு ஆண்டான 1681-இல் திறக்கப்பட்ட மிதி கால்வாய். பிரெஞ்சில் மிதி என்றால் தெற்கு. அது மத்தியதரைக் கடலை நோக்கிப் போகிறது. இன்னொன்று பிரியென் கால்வாய், மிகச் சிறியது. மூன்றாவதுதான் நாங்கள் பிடித்த கரோன் கால்வாய். கரோன் ஆற்றுக்குப் பக்கத்திலேயே 193 கிலோமீட்டர் ஓடி, காஸ்தே-ஆன்-தோர்த் என்ற ஊரில் ஆற்றோடு கலக்கிறது. வழியில் 53 லாக்குகள். லாக் என்பது முன்னும் பின்னும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். பிரெஞ்சில் எக்லூஸ். கடலுக்குக் கடல் சைக்கிளில் போகிறவர்களும் உண்டு: அட்லாண்டிக் கரையின் ருவாயானிலிருந்து மத்தியதரைக் கரையின் செத் என்ற ஊர் வரை சுமார் 750 கிலோமீட்டர். எங்களுக்கு நடுத்துண்டு போதுமாக இருந்தது.

இந்தப் பாதை சைக்கிளுக்காகப் போடப்பட்டதில்லை, குதிரைக்காகப் போடப்பட்டது. எஞ்சின் வருவதற்கு முன் படகுகளைக் கரையில் நடக்கும் குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன. அந்த இழுவைப் பாதைக்குத்தான் இப்போது தார் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் மட்டமாக இருப்பதால் பாதையும் மட்டம். லாக் வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்னச் சரிவு. துலூஸிலிருந்து போனால் எல்லாச் சரிவும் இறக்கம், அதனால் குழந்தையோடு போகிறவர்கள் இந்தத் திசையைப் பிடிப்பது நல்லது. எதிர்க்காற்று அடித்தால் அந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். எங்களுக்கு நான்காம் நாள் முழுவதும் எதிர்க்காற்று.

முதல் நாள் அழகாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஊரைவிட்டு வெளியே வர இருபது கிலோமீட்டராவது ஆகிறது. ஒரு பக்கம் கிடங்குகள், இன்னொரு பக்கம் ரயில், நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும் தண்ணீர். அதன் பிறகுதான் தவளைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கரையோரம் மஞ்சள் ஐரிஸ் பூத்திருந்தது. பாப்லர் மரங்களின் பஞ்சு பறந்து பாதை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மகள் அதைக் காலால் அளைந்துகொண்டே போனாள்.

மோன்டெக் என்ற ஊரில் ஒரு இயந்திரத்தைப் பார்த்தோம். அங்கே ஐந்து லாக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. பெரிய சரக்குப் படகுகள் அவற்றைத் தவிர்ப்பதற்காக 1974-இல் பக்கத்திலேயே 443 மீட்டர் நீளச் சாய்வுக் கால்வாய் ஒன்று கட்டினார்கள். இரண்டு ரயில் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் ஆயிரம் குதிரைத்திறன், ரப்பர் டயரில் இரண்டு கரையிலும் ஓடும். நடுவில் ஒரு தடுப்புப் பலகை. படகை எஞ்சின்கள் தொடுவதில்லை, அது மிதக்கிற தண்ணீரையே சரிவில் மேலே தள்ளிக்கொண்டு போகும். இப்போது ஓடுவதில்லை, பராமரித்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீரை மலையேற்றலாம் என்று ஒருவர் யோசித்திருக்கிறார், அதைக் கட்டியும் காட்டியிருக்கிறார். நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

முவாசாக் ஊருக்குள் நுழைவதே தண்ணீர்ப் பாலத்தில்தான். கீழே தார்ன் ஆறு, மேலே கால்வாய், கால்வாயின் ஓரத்தில் நாங்கள். 356 மீட்டர் நீளம். 1930 மார்ச்சில் தார்ன் பெருக்கெடுத்து இந்த ஊரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பக்கத்து ரயில் பாலத்தையும் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு சில காலம், இந்தத் தண்ணீர்ப் பாலத்தின் இழுவைப் பாதையில் தண்டவாளம் போட்டு ரயில் விட்டார்களாம். நாங்கள் நின்ற அதே ஓரத்தில்.

அங்கே இரண்டு இரவு தங்கினோம். புனித பேதுரு மடாலயத்துக்கு ஒரு நாள் முழுதும் வேண்டும். வாசல் வளைவில் நடுவே கிறிஸ்து, சுற்றிலும் பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் வரும் 24 மூப்பர்கள். ஒவ்வொருவர் கையிலும் இசைக் கருவி, எல்லோரும் கழுத்தைத் திருப்பி அவரையே பார்க்கிறார்கள். உள்முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் 76 தூண் போதிகைகள். ஒற்றைத் தூண், இரட்டைத் தூண், மறுபடி ஒற்றை என்று மாறி மாறி வரும். 1100-ஆம் ஆண்டு செய்து முடித்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. தாராசுரத்தில் ஒவ்வொரு தூணாக நின்று கதை தேடிப் பார்த்தவர்களுக்கு இங்கேயும் கால் நகராது. திடீரென்று சுவருக்குப் பின்னால் ரயில் ஓடும் சத்தம் கேட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை போடும்போது மடத்தின் உணவுக்கூடத்தை இடித்துவிட்டார்கள், தாழ்வாரம் தப்பியது.

இந்த ரயிலுக்கும் கால்வாய்க்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. கால்வாயை 1838-இல் தொடங்கி 1856-இல் முடித்தார்கள். அதே காலத்தில் போர்தோ-துலூஸ் ரயிலும் வந்துவிட்டது. 1858-இல் கால்வாயை அந்த ரயில் கம்பெனிக்கே நாற்பது ஆண்டு குத்தகைக்குக் கொடுத்தார்கள். போட்டியாளர் கையில் சாவியைக் கொடுத்தது போல. சரக்கு ரயிலுக்குப் போயிற்று. ஆனால் அந்த இருப்புப்பாதை கால்வாய்க்குப் பக்கத்திலேயே ஓடுவதுதான் இன்று நமக்கு வசதி. முவாசாக், அஜான், மார்மாந்த் என்று வழியெங்கும் நிலையங்கள். முடியாவிட்டால் சைக்கிளோடு பிராந்திய ரயிலில் ஏறிவிடலாம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் தைரியத்தில் பாதி எனக்கு அதில்தான் இருந்தது.

முவாசாக்கைத் தாண்டியதும் முதுகில் மூட்டையோடு நடப்பவர்கள் வந்தார்கள். இயேசுவின் சீடரான சந்தியாகப்பரின் கல்லறை இருக்கும் ஸ்பெயினின் கொம்போஸ்தெலாவுக்குப் போகும் பாதயாத்திரிகர்கள். கொஞ்ச தூரம் அவர்களுக்கும் இதே கரைதான் வழி. "போன்ஜூர்" சொல்லாமல் யாரும் யாரையும் கடப்பதில்லை. முதல் நாள் கூச்சப்பட்ட மகள், மூன்றாம் நாள் எனக்கு முன்னால் போய் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். மரங்களுக்கு மேலே கோல்ஃபெஷ் அணுமின் நிலையத்தின் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்கள் நீராவி விட்டபடி மணிக்கணக்காகக் கூடவே வந்தன. தண்ணீரில் பூனை அளவு எலி ஒன்று நீந்தியது. ரகோந்தான் என்பார்கள், ரோமத்துக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வளர்த்த பிராணி.

அஜானுக்குக் கொஞ்சம் முன்னால் பங்சர். மரத்தின் வேர் தாரைத் தூக்கியிருந்த இடத்தில் என் பின் சக்கரம் மோதியது. டியூபில் பாம்பு கொத்தியது போல அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை. காற்று குறைவாக இருக்கும்போது விளிம்பு டியூபை நசுக்கினால் இப்படித்தான் ஆகும். காலையில் நான் டயரை அமுக்கிப் பார்த்திருக்க வேண்டும். சைக்கிள் வாடகைக்குத் தந்த கடை கொடுத்த பெட்டியில் ஒட்டும் பசை காய்ந்து கட்டியாக இருந்தது. மாற்று டியூபும் இல்லை. எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. எதிரே வந்த ஒரு டச்சு முதிய தம்பதி கேட்காமலே நின்றார்கள். அந்தப் பெரியவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழைக் காட்ட, மகள் விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா ஒரு பை செர்ரி கொடுத்தார். இனி போகிறவர்கள் பெட்டியைக் கடை வாசலிலேயே திறந்து பாருங்கள். ஒரு புது டியூப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அஜானில் கால்வாய் கரோன் ஆற்றையே கடக்கிறது. 539 மீட்டர், 23 வளைவுகள், எல்லாம் கல். நடுவில் நின்றால் அடியில் பழுப்பு நிறத்தில் விரைந்து ஓடும் ஆறு, தோளுக்குப் பக்கத்தில் அசையாத தண்ணீர். ஒரு சுற்றுலாப் படகு எங்களை நடை வேகத்தில் கடந்தது. படகுக்காரர்கள் லாக்கைத் திறக்கும் விதமும் இங்கே வேறு. தண்ணீருக்கு மேலே ஒரு கம்பு தொங்கும். படகிலிருந்தபடியே அதைப் பிடித்துத் திருகினால் விளக்கு மாறி, கதவு தானாக இயங்கத் தொடங்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் கோபித்துக்கொள்வார்கள். நாங்கள் சைவம், முட்டை சேர்ப்போம். ஆம்லெட், சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட், காய்கறிக் குழம்பு மாதிரியான ரத்ததூயி இவைதான் ஆறு நாளும். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு கிராமத்தில் எதுவும் கிடைக்காது. திங்கட்கிழமை ரொட்டிக் கடைகூடப் பல ஊர்களில் மூடியிருக்கும். காலையிலேயே ரொட்டி, தக்காளி, சீஸ் வாங்கிப் பையில் போட்டுவிட வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், அங்கே குழாய் இருக்கும். "நோன் பொட்டாப்ல்" என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. அஜான் பக்கம் போய் உலர்ந்த பிளம் பழம் வாங்காமல் வராதீர்கள்.

தமசான் என்ற ஊரின் சதுக்கத்து வளைவு நடைகளில் ஒரு மாலை. மறுநாள் பதினெட்டு கிலோமீட்டர்தான். லெ மா தஜெனே என்ற ஊர். கால்வாயிலிருந்து மேட்டில் ஏற வேண்டும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனோம். மரத்தூண்கள் தாங்கும் பழைய தானியச் சந்தைக் கூடம், அதன் பக்கத்தில் ஒரு தேவாலயம். அதற்குள் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1631-இல் வரைந்த 'சிலுவையில் கிறிஸ்து' ஓவியம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர் கொடுத்தது. 1959-இல்தான் ரெம்ப்ராண்டின் கையெழுத்து தெரியவந்தது. கறுத்த பின்னணியில் வெளிறிய உடல், வாய் திறந்திருக்கிறது. வலியில் இருக்கும் மனிதனைத் தவிர வேறெதுவும் அந்தப் படத்தில் இல்லை. வழியில் ஒரு கிராமம், நாங்கள் ஏறி வந்த ஒரு மேடு, அங்கே இது. மகள் மெதுவாக, "அம்மா, இவர் கத்துறாரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நிழலைப் பற்றி ஒரு வருத்தம். மிதி கால்வாய்க்கு நிழல் தந்த 42,000 பிளேன் மரங்களுக்குள் ஒரு பூஞ்சை நோய் புகுந்துவிட்டது. 2006-இல் கண்டுபிடித்தார்கள். நோய் கண்ட மரத்தை வெட்டி எரிப்பதைத் தவிர வழியில்லை. துலூஸில் கிளம்பும் முன் மிதி கால்வாய் ஓரமாகக் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தபோது, நெடிய மரங்களுக்குப் பதில் இடுப்பில் குச்சி கட்டிய கன்றுகள் நின்ற இடங்கள் இருந்தன. கரோன் கரையில் பிளேன் மரத்தடியில் போகும்போதெல்லாம் மேலே பார்த்துக்கொண்டேன்.

கடைசி நாள் முப்பத்தெட்டு கிலோமீட்டர். காஸ்தே-ஆன்-தோர்த்தில் 53-ஆம் லாக். அதன் கடைசிக் கதவுக்கு அப்பால் கரோன், அட்லாண்டிக்கின் ஓதம் அதுவரை ஏறி வருகிறது. சேற்றுக் கரையில் தண்ணீரின் பழைய உயரம் கோடாகத் தெரிந்தது. நாங்கள் ரொட்டியின் கடைசித் துண்டைத் தின்றுவிட்டு ரயில் நிலையத்தை நோக்கித் திரும்பினோம். பாதை முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளை வேன் எங்களைத் தாண்டிப் போனது. ஆறு நாளில் முதல் முறையாக நான் குரல் உயர்த்தினேன்: "ஓரமா வாம்மா, எனக்குப் பின்னாடியே."

அவள் பிரேக்கைப் பிடித்து, என் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள்.