வீடு இடிக்கப் போறீங்களா? ஃபால்ஸ் சீலிங்கை முதல்ல கழட்டுங்க

பேரூர்ப் பக்கம் அப்புச்சி கட்டின வீட்டைப் போன மாசம் இடித்தோம். "ஒரே நாளுங்க, மண்ணைக் குளத்தோரமாத் தட்டிக்கலாம்" என்றார் ஜேசிபிக்காரர். இந்தப் பக்கம் கரை எது, இடிச்ச மண்ணு எது என்று தெரியாமல் குளங்கள் சுருங்குவது இப்படித்தான் என்பதால் மனசு வரவில்லை. இடிபாடுகளைப் பிரித்து அரைக்கும் ஆலை ஒன்றில் பேசி டிப்பரை அனுப்பினேன். முதல் லோடே திரும்பி வந்துவிட்டது.

காரணம், மாமா முன்னறைக்குப் போட்ட ஃபால்ஸ் சீலிங். மேற்பார்வையாளர் லோடு மேலே ஏறி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து நசுக்கினார், மாவாக உதிர்ந்தது. "ஜிப்சமுங்க. கம்பின்னா காந்தம் இழுத்துக்கும், கவருன்னா காத்து ஊதிரும், இதை என்னங்க பண்றது?" ஜிப்சத்தில் இருப்பது சல்பேட், ஜல்லியோடு கலந்து கான்கிரீட்டுக்குள் போனால், ஈரம் படப்பட உள்ளுக்குள்ளேயே உப்பி வெடிப்பு விடும். போதாததற்கு மாட்டுச்சாளையின் ஆஸ்பெஸ்டாஸ் அட்டையும் நொறுங்கிக் கலந்திருந்தது. அதன் நார்த்தூசி நுரையீரலுக்கு எமன்.

அப்புறம் என்ன, முகத்தில் மாஸ்க்கோடு ரெண்டு ஆளும் நானும் மூணு நாள் வாசலில் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொறுக்கினோம். இடிக்கும் முன் அரை நாளில் கழட்டியிருக்கலாம்.

அடுத்த லோடோடு நானும் போனேன். அதிர்கிற சல்லடையில் மண் உதிர்ந்துவிட, மீதி பெல்ட்டில் ஏறுகிறது. மேலே தொங்கும் காந்தம் கம்பித்துண்டை 'டக்'கென்று பிடுங்குகிறது. ஆனால் மரச்சில்லைப் பிடிப்பது பெல்ட்டோரம் நிற்கும் ரெண்டு அக்காக்களின் கைதான். பின்லாந்தின் ஜென்ரோபோடிக்ஸ் (ZenRobotics) நிறுவனம் கழிவு பிரிக்கச் செய்வது மாதிரி கேமரா வைத்த இயந்திரக் கையை எதிர்பார்த்துப் போனது என் தப்பு. கடைசியில் அரவை, கழுவல்.

திரும்பும்போது ரெண்டு யூனிட் ஜல்லி வாங்கினேன். செங்கல் கலந்தது, அதனால் கம்பி கட்டும் கான்கிரீட்டுக்கு ஆகாது; ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 383 (2016) எம்15 என்ற வலிமைத் தரத்துக்குக் கீழே உள்ள கான்கிரீட்டுக்கு மட்டும்தான் விடுகிறது. சுத்தமான கான்கிரீட்டை உடைத்த ஜல்லி என்றால் எம்25 வரை கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் சேர்க்கலாம். எனக்கு அஸ்திவாரத்து அடியில் போடும் பிசிசிக்கு, அதாவது கம்பியில்லாத கான்கிரீட்டுக்குத்தான் தேவை, சரி.

மேஸ்திரி குவியலில் ஒரு குடம் ஊற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி ரொம்பக் குடிக்குதுங்க, ராத்திரியே நனைச்சு வெச்சிருங்க" என்றார். நனைத்து வைத்திருக்கிறேன்.