சியோலில் நூடுல்ஸை உடைத்தவன்

யோயினாரு ரயில் நிலையத்தில் இறங்கிப் படியேறினால் ஹான் ஆற்றங்கரைப் பூங்கா. அக்டோபர் மாதச் சாயங்காலம், குளிர் லேசாகக் கடிக்க ஆரம்பித்திருந்தது. புல்வெளி முழுக்கப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் மடியில் ஆவி பறக்கும் காகிதப் பாத்திரம். உள்ளே ராம்யான். நாம் நூடுல்ஸ் என்று சொல்வதற்கு அவர்கள் ஊர்ப் பெயர்.

ஆற்றோரக் கடையில் பாக்கெட்டையும் பாத்திரத்தையும் வாங்கிக்கொண்டு வாசலில் இருக்கும் இயந்திரத்திடம் போக வேண்டும். பாத்திரத்தில் இருக்கும் பார்கோடைக் காட்டினால் வெந்நீர் அளவாக விழுகிறது, அடியில் இண்டக்‌ஷன் அடுப்பு சூடேறுகிறது, மூன்று நான்கு நிமிடத்தில் தளதளவென்று கொதித்து முடிகிறது. நான் வாங்கியது ஷின் ராம்யான், 1986-இல் வந்த சிவப்புப் பாக்கெட். கட்டியை எடுத்து, பழக்க தோஷத்தில், படக்கென்று இரண்டாக முறித்துப் போட்டேன்.

பக்கத்து இயந்திரத்தில் நின்ற காலேஜ் பையன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கல்யாணப் பந்தியில் பாயசத்தை ரசத்தோடு பிசைந்தவனைப் பார்க்கிற பார்வை அது.

அந்தப் பார்வை ஏன் என்று மூன்றாம் நாள்தான் புரிந்தது.

நம் வீடுகளில் நூடுல்ஸ் என்பது சேமியாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. உடைத்துப் போடுவோம், குழைய விடுவோம், பட்டாணி போட்டுக் கிளறுவோம், ஸ்பூனால் சாப்பிடுவோம். மசாலா நன்றாக இருந்தால் நூடுல்ஸ் நன்றாக இருக்கிறது என்போம். அதே நாக்கோடுதான் சியோலுக்குப் போனேன். முதல் இரண்டு நாள் எழுதிவைத்த குறிப்புகளை இப்போது பார்த்தால் முழுக்கக் காரத்தைப் பற்றித்தான். ஷின்: காரம் பரவாயில்லை, மாட்டிறைச்சிச் சாறு தூக்கல். ஜின், சிவப்பு: ஷின்னைவிடச் சாது. ஜின், நீலம்: குழந்தைகளுக்கு. (ஜின் தயாரிக்கும் ஒட்டோகி நிறுவனத்தின் பெயருக்கு, கீழே தள்ளினாலும் எழுந்து நிற்கிற பொம்மை என்று அர்த்தம். நம் தஞ்சாவூர் பொம்மையேதான்.)

அப்புறம் புல்டக். 2012-இல் சம்யாங் நிறுவனம் கொண்டுவந்தது. பெயருக்கு நெருப்புக் கோழி என்று பொருள். இது குழம்பு வகை இல்லை. வேகவைத்து, நீரைக் கொஞ்சம் விட்டு மிச்சத்தை வடித்து, கறுஞ்சிவப்பு சாஸைப் பிழிந்து கிளற வேண்டும். ஸ்கோவில் கணக்கில் காரம் 4,404 என்கிறார்கள். நம்மூர் மிளகாயோடு ஒப்பிட்டால் அந்த எண் பெரிதாகத் தெரியாது. ஆந்திரா மெஸ்ஸில் பருப்புப் பொடி தின்றவனுக்கு இதென்ன என்று உட்கார்ந்தேன். முதல் இரண்டு வாய் இனிப்பு. மூன்றாவது வாயில் உதடு எரிந்தது. எரிச்சல் ஏறிக்கொண்டே போனதே தவிர இறங்கவில்லை. நம் காரத்துக்குப் புளி, எண்ணெய், தேங்காய், மோர் என்று ஏதாவது ஒரு துணை இருக்கும். இது தனியாக வந்து அடிக்கிறது. உள்ளூர்க்காரர்கள் மேலே ஒரு துண்டு சீஸ் போட்டு, கூடவே வாழைப்பழப் பால் குடிக்கிறார்கள். 2024-இல் டென்மார்க் அரசு இதில் மூன்று வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. பிறகு இரண்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. என்னைக் கேட்டால் புல்டக் சாப்பாடு இல்லை, பந்தயம். இரண்டாவது முறை வாங்கவில்லை.

இந்தக் காரம் ஆரம்பத்தில் இருந்ததே இல்லை என்பதுதான் வேடிக்கை. கொரியப் போர் முடிந்து பத்து வருடம், அரிசித் தட்டுப்பாடு. நாம்டேமுன் சந்தையில் அமெரிக்க ராணுவ முகாம்களின் மிச்சம் மீதியைப் போட்டுக் காய்ச்சிய கஞ்சிக்கு ஜனங்கள் வரிசையில் நின்றதைப் பார்த்துத்தான் சம்யாங் நிறுவனர் ஜியோன் ஜுங்-யுன், ஜப்பானிய நிறுவனம் ஒன்றிடம் தொழில்நுட்பம் கற்றுவந்து, 1963 செப்டம்பரில் முதல் பாக்கெட்டை இறக்கினார். விலை 10 வொன். அது வெளுத்த கோழிச் சாறு. மிளகாய் பின்னால் சேர்ந்தது. அதே சந்தைக்கு ஒரு மத்தியானம் போனேன். இன்று அங்கே கத்தியால் நறுக்கிய நூடுல்ஸும் ஹேர்கிளிப்பும் சுற்றுலாக் கூட்டமும்தான்.

நான் தங்கியிருந்த விடுதியை நடத்தியவர் அறுபது வயதுக்காரர். எல்லோரும் அவரை ‘இமோ’ என்றார்கள். அம்மாவின் சகோதரி என்று அர்த்தமாம். அப்பாவை ‘அப்பா’ என்றே கூப்பிடுகிற ஊரில் ஒரு சித்தி கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி நான் சமையலறையில் நொகுரி என்ற ராம்யான் பாக்கெட்டைப் பிரித்து, இரண்டு கையாலும் கட்டியைப் பிடித்ததுதான் தாமதம், “ஆனியோ, ஆனியோ!” என்று ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார். இல்லை, இல்லை.

மஞ்சள் நிற லேசான அலுமினியப் பாத்திரத்தில், கோப்பையால் அளந்து தண்ணீர். கொதித்ததும் கட்டி முழுசாக உள்ளே போனது. நொகுரியின் இழை தடிமன், அதனால் ஐந்து நிமிடம், ஷின்னுக்கு நாலரை. நடுநடுவே சாப்ஸ்டிக்கால் இழைகளை உயரத் தூக்கிக் காற்றில் காட்டி மறுபடி முக்கினார், டீக்கடைக்காரர் ஆற்றுவது மாதிரி. சூடு பட்டு, ஆறி, சூடு பட்டால் இழை இறுகுமாம். போன் மொழிபெயர்ப்பில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “பொடி எல்லாக் கம்பெனியும் போடும். இழையைக் கடி.”

கடித்தேன். பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்து நின்று அப்புறம் விட்டுக்கொடுத்தது. நீளமாக உறிஞ்சும்போது இழையோடு சாறும் ஏறி வந்தது. உடைத்திருந்தால் ஸ்பூனில் சாறு வேறு, இழை வேறு. ஆற்றங்கரைப் பையனின் பார்வை அப்போதுதான் புரிந்தது.

மறுநாளே ஷின்னை முறிக்காமல் மறுபடி வேகவைத்தேன். வேறு நூடுல்ஸ். ஜின் இன்னும் மென்மையான இழை, முட்டை உடைத்து ஊற்றினால் அதுதான் பொருத்தம். கறுப்பு அவரைச் சாந்து பூசிய சாபகெட்டி எனக்கு ஒட்டவில்லை, இனிப்பு. புலால் சாப்பிடாதவர்கள் ஒட்டோகியின் சேஹ்வாங்கைத் தேடலாம், வெறும் காய்கறிச் சாறு. அது நன்றாகவே இருந்தது, ஒரு சிட்டிகை மிளகுத்தூள் மட்டும் கேட்டது. என் பட்டியலில் நொகுரி முதலிடம், இரண்டாவது ஷின். மற்றதெல்லாம் ரொம்பப் பின்னால்.

நொகுரி பாக்கெட்டுக்குள் காய்ந்த கடற்பாசித் துண்டு ஒன்று இருக்கும். 1982-இல் வந்த நாளிலிருந்து அதற்கு அதுதான் அடையாளம். அன்றைக்கு இமோ தன் கிண்ணத்திலிருந்து அதை எடுத்து மூடியில் ஓரமாக வைத்தார். சாறு இறங்கிவிட்டது, இனி எதற்கு என்று கையை விரித்தார். கறிவேப்பிலை கதைதான். நான் கறிவேப்பிலையை மென்று தின்னும் ஜாதி. என்னுடையதை முடித்துவிட்டு மூடியைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே என் பக்கம் தள்ளினார்.