டியூபாக்காரர்கள் நால்வருக்கு ஒரு கச்சேரி

அயோவா மாநிலத்தின் சின்ன ஊர் ஒன்றில் இருக்கிறது எங்கள் பேண்டு. பகலில் அவரவர் வேலை, மாலையில் ஒத்திகை, கோடை வந்தால் பூங்காவில் கச்சேரி. இந்த மாநிலத்துக்கும் ஊர் பேண்டுகளுக்கும் உறவு பழையது. பேண்டுக்காகச் சிற்றூர்கள் வரி வசூலித்துக்கொள்ளலாம் என்று 1921-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இசையமைப்பாளர் கார்ல் கிங் ஒரு மார்ச் (அணிநடை இசை) எழுதினார்.

சென்ற கோடையில், ஒரு கச்சேரி முழுவதும், கீழ்ச்சுரங்களை ஊதும் பெரிய பித்தளை வாத்தியமான டியூபாவின் பிரிவுக்கு முக்கியத்துவம் கொடுக்கலாம் என்றார் பேண்டு மாஸ்டர். என்ன வாசிப்பது என்பதை எங்களிடமே விட்டுவிட்டார். நாங்கள் நான்கு பேர்: விவசாயத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், பள்ளி ஆசிரியை, கல்லூரி மாணவர், அப்புறம் நான். எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து தாளத்தின் முதல் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் ஊதுகிறவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு.

முதலில் எல்லோருக்கும் தோன்றியது தனி வாசிப்பு உருப்படிகள்தான். வான் வில்லியம்ஸ் 1954-ல் எழுதிய டியூபா கான்செர்ட்டோவை மாணவர் வாசிப்பார். கட்டோஸியின் ‘பீல்சபப்’ இருக்கிறது, அதையும் அவர் வாசித்துவிடுவார். ஆனால் அப்படிச் செய்தால் ஒருவர் முன்னால் வந்து நிற்பார், மற்ற மூன்று பேரும் வழக்கம்போல் பின்னால் பக்கவாத்தியம் வாசிப்போம். அது ஒரு நல்ல கலைஞரின் கச்சேரியாக இருக்கும், பிரிவின் கச்சேரியாக இருக்காது. நான்கு பேர் சேர்ந்து ஊதும்போது எழுகிற அந்த அகலமான ஒலியைத்தான் மக்கள் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஆசிரியையும் அதையே சொன்னார். தனி வாசிப்பு வேண்டாம் என்று முடிவானது.

அதன்பின் நூலக அலமாரியைத் திறந்தோம். இப்படித் தேடுகிறவர்கள் டியூபா பார்ட்டை (அந்த வாத்தியத்துக்கான இசைத்தாளை) மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூபாவுக்கு மெட்டு வரும் இடத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. டிராம்போன், பசூன், பாரிடோன் சாக்ஸபோன் எல்லாம் அதே வரியை வாசித்தால் டியூபா அதில் கரைந்துபோகும். மேலே டிரம்பெட்டுகள் உரக்க ஊதினால் கேட்கவே கேட்காது. பழைய மார்ச்சுகள் பலவற்றுக்கு, எல்லா வாத்தியங்களையும் ஒன்றாகக் காட்டும் முழு ஸ்கோரும் கிடையாது. டிரம்பெட் போன்ற கார்னெட்டின் பார்ட்டை வைத்துத்தான் நடத்த வேண்டும். அதனால் கையளவு தாள்களில் பொடி எழுத்தில் அச்சான பார்ட்டுகளை நீளமான மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு பாராக (தாளக் கட்டமாக) ஒப்பிட்டுப் பார்த்தோம். பெரிதாகத் தெரிந்த பல உருப்படிகள் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிட்டன.

சோதனையில் நிமிர்ந்து நின்றது ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909-ல் எழுதிய முதல் சூட் (பல பகுதிகள் சேர்ந்த உருப்படி). அதன் முதல் பகுதியான சக்கோன், யூஃபோனியமும் (டியூபாவின் சின்ன உறவு) டியூபாவும் மட்டும் வாசிக்கிற எட்டு பார் மெட்டோடு தொடங்குகிறது. பேண்டின் மற்ற அத்தனை பேரும் சும்மா இருப்பார்கள். பிறகு வருவதெல்லாம் அந்த மெட்டின் மேல் கட்டியதுதான். டியூபாவை ‘வேடிக்கை வாத்தியம்’ என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. இங்கே நான்கு பேராக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. எங்கள் பி-ஃபிளாட் டியூபாவின் குழாய் ஏறத்தாழ பதினெட்டு அடி நீளம், மூச்சை அப்படியே குடித்துவிடும். எட்டு பார்களையும் தனி ஆள் உடையாமல் கொண்டுபோவது கஷ்டம். நால்வரும் வெவ்வேறு இடத்தில் மூச்செடுத்தால் கேட்பவர் காதில் ஒரே கோடாக விழும். யார் எந்த சுரத்துக்குப் பிறகு மூச்செடுப்பது என்று பென்சிலால் குறித்துக்கொண்டோம்.

சக்கோனை மட்டும் வாசிக்கலாமா என்ற பேச்சு வந்தது. மூன்று பகுதிகளும் ஒரே சொற்றொடரிலிருந்து பிறந்தவை, இடைவெளி விடாமல் முழுவதும் வாசிக்க வேண்டும் என்று ஹோல்ஸ்டே கேட்டிருக்கிறார். அதனால் முழுதாகவே எடுத்தோம்.

அடுத்தது ஹஃபைனின் ‘தெம் பேசஸ்’, 1924-ல் வந்த மார்ச். மெட்டு கீழே ஓடும், கிளாரினெட்டுகள் மேலே அலங்காரம் செய்யும். டிராம்போன்களும் யூஃபோனியங்களும் பங்காளிகள்தான், ஆனாலும் எங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. நாக்கு வேகமாக ஓட வேண்டும். பெரியவருக்கு அது சிரமமாக இருந்ததால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டோம், பேண்டு மாஸ்டர் சரி என்றார். வேகம் குறைந்ததில் மார்ச்சுக்கு எடை கூடியது என்பது என் கருத்து. இதுவும் ஹோல்ஸ்டும் அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் கடந்தவை, ஆகவே பழைய பார்ட்டுகளைத் தாராளமாக நகலெடுக்க முடிந்தது. சிறிய பேண்டுக்கு இது பெரிய விஷயம்.

நடுவில் பேண்டு ஓய்வெடுக்க, நாங்கள் மட்டும் வாசிக்கும் ஒன்றும் வேண்டும் என்று நினைத்தோம். டியூபாக்காரர்கள் கூடிக் கிறிஸ்துமஸ் பாட்டுகள் வாசிக்கும் ‘டியூபா கிறிஸ்துமஸ்’ நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்த ஒலி பழக்கம். 1974-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில், தன் ஆசிரியர் வில்லியம் பெல்லின் நினைவாக டியூபா கலைஞர் ஹார்வி ஃபிலிப்ஸ் தொடங்கியது அது. பெல் கிறிஸ்துமஸ் நாளில் பிறந்தவர், பிறந்ததும் எங்கள் அயோவாவில்தான். எங்களுக்கு அது தனிப் பெருமை. கோடையில் கிறிஸ்துமஸ் பாட்டு பொருந்தாது என்பதால், பாக்கின் கோரல் (நான்கு குரல் தேவாலயப் பாட்டு) ஒன்றை எடுத்துக்கொண்டோம். நான்கு குரல்களையும் டியூபாவுக்கே கொடுத்துப் பார்த்தபோது ஒலி கலங்கலாக இருந்தது. அவ்வளவு கீழே சுரங்கள் நெருக்கமாக நின்றால் ஒன்றோடொன்று உரசும். மேல் குரல்கள் இரண்டையும் யூஃபோனியம்காரர்களிடம் கொடுத்து, கீழ்க் குரல்களுக்கு நாங்கள் குரலுக்கு இருவராகப் பிரிந்ததும் தெளிந்துவிட்டது.

கடைசி உருப்படி ஹோல்ஸ்டின் இரண்டாவது சூட்டிலிருந்து (1911), டார்கசன் பகுதி. முடிவுக்குச் சற்று முன் சின்னப் புல்லாங்குழலான பிக்கலோவும் டியூபாவும் மட்டும் பேசிக்கொள்ளும், பேண்டின் உச்சியும் அடியும். அந்த ஒரு இடம் மட்டும் தனி ஆளுக்கு. பெரியவர்தான் வாசிக்க வேண்டும் என்று மூவரும் சொன்னோம்.

வரிசையில் முதல் சூட்டை முதலில் வைத்தோம், கச்சேரியின் முதல் ஒலியே டியூபாவாக இருக்கட்டும் என்று. பெரிய வாத்தியம் சூடேறி சுதியில் நிற்க நேரமாகும், அதனால் மற்றவர்களுக்கு முன்பே வந்து ஊதத் தொடங்கினோம். மேடைக்குப் பின்னால் வளைந்த சுவர் இருப்பதால் கடைசி வரிசையை விட்டு நகரவில்லை. திறந்தவெளியில் கீழ்ச்சுரங்கள் நாலாபக்கமும் சிதறும், அந்தச் சுவர்தான் அவற்றை மக்கள் பக்கம் திருப்பி அனுப்பும்.

‘டபி த டியூபா’வைத்தான் எடுக்கவில்லை. மெட்டு வாசிக்க ஏங்கும் டியூபாவின் கதை, குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். 1945-ல் வந்தது, காப்புரிமை உண்டு, பார்ட்டுகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அடுத்த கோடைக்குக் கேட்டிருக்கிறோம். கதை சொல்ல ஊர் நூலகர் ஒத்துக்கொண்டார். டபியின் மெட்டை ஒருவரே வாசிப்பதா, நால்வரும் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்வதா என்பதுதான் இன்னும் பேச்சில் இருக்கிறது. நான் பிரித்துக்கொள்ளும் பக்கம்.